அண்ணன் போட்ட சப்போர்ட்

மின்வாரியத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசுங்கள் என்று அழைத்து உட்கார வைத்துவிட்டார்கள். கையுறை போடுங்கள், லைனில் கை வைக்கும் முன் கரண்ட் நின்றுவிட்டதா என்று பாருங்கள் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அதையே நானும் சொன்னால் பின்வரிசையில் இருக்கிறவர்கள் போனை எடுத்துவிடுவீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படித்தான், அப்போது போன் இல்லாததால் தூங்கினேன். அதனால் எனக்கே இன்னும் முழுசாகத் தெளியாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் மண்டை குழம்பி நின்ற ஒரு பகல் நேரத்தைப் பற்றியது.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பம் விழாமல் இருக்க எதைச் செய்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், சப்போர்ட். கம்பி கட்டினாலும் சப்போர்ட், கட்டை முட்டுக் கொடுத்தாலும் சப்போர்ட். 'அங்க சப்போர்ட் கீதா?' 'கீது சார்.' முடிந்தது பேச்சு. நானும் பல வருஷம் தாமல் பக்கமும் உத்திரமேரூர் பக்கமும் அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டினேன்.

பிறகு எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக ஒரு அம்மா வந்தார். ராஜகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வயதில் என் மகளைவிடச் சின்னவர். நாங்கள் யாராவது சப்போர்ட் என்று சொன்னால் உடனே கேட்பார், "ஸ்டேவா, ஸ்ட்ரட்டா?" எந்த நேரமும் இதே கேள்விதான். பையன்கள் அவர் இல்லாதபோது டீக்கடையில் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள். "மாஸ்டர், ஒரு டீ." "ஸ்டேவா, ஸ்ட்ரட்டா?" நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்குப் படிப்பு குறைவு. இரண்டும் கம்பத்தைக் காப்பாற்றத்தானே இருக்கிறது, பெயரில் என்ன இருக்கிறது என்பது என் கட்சி.

உங்களுக்கு அது இரண்டும் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் கை தூக்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். லைன் நேராகப் போகிற இடத்தில் கம்பத்துக்குப் பெரிய தொல்லை இல்லை. லைன் திரும்புகிற இடத்தில்தான் வயர்கள் இரண்டு பக்கமும் இழுத்து, கம்பத்தை வளைவின் உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அப்படிச் சாயாமல் இருக்க, வெளிப்பக்கத்தில் கம்பத்தின் தலையிலிருந்து தரைக்கு ஒரு முறுக்குக் கம்பியைக் கட்டிப் புதைப்போம். மாடு கட்டாதீர்கள் என்று ஊர் ஊராகக் கத்துகிறோமே, அந்தக் கம்பிதான் ஸ்டே. வெளிப்பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் உள்பக்கத்தில் இன்னொரு கம்பத்தைச் சாய்த்து முட்டுக் கொடுப்போம். அது ஸ்ட்ரட். ஒன்று எதிர்ப்பக்கத்தில் தள்ளி நின்று பிடித்துக்கொள்ளும், மற்றது விழுகிற பக்கத்தில் நின்று தாங்கும். அவ்வளவுதான். இதைச் சொல்ல இப்போது ஒரு நிமிஷம் ஆனது, எனக்குப் புரியப் பாதி சர்வீஸ் ஆனது.

எங்கள் வயர்மேன் பிரபு அதே வட்டாரத்துப் பையன். உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு கிராமம். அவன் அண்ணன் தாமோதரன் விவசாயம். தம்பியின் பங்குக் கழனியையும் சேர்த்து அவர்தான் பயிர் வைப்பார். தம்பிமேல் கொள்ளைப் பிரியம். பிரபு அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து நாஷ்டா வந்துவிடும்.

அந்தக் கழனியின் மூலையில்தான் லைன் திரும்புகிறது. அங்கே ஒரு சிமெண்டுக் கம்பம். அதன் ஸ்டே கம்பி, வண்டி கழனிக்குள் இறங்குகிற வழியிலேயே தரையில் இறங்கும். மாட்டு வண்டி போன காலத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் அகலத்துக்கு வழி போதவில்லை. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார் தாமோதரன். மாற்றுகிறோம், மனு கொடுங்கள் என்று நாங்களும் வழக்கம்போல இழுத்தோம்.

ஒரு அறுவடைக்கு முன் அவரே காரியத்தை முடித்துவிட்டார். தெரிந்த ஆளை வைத்து ஸ்டே கம்பியை அவிழ்த்துச் சுருட்டினார். கம்பம் விழுந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், எங்கேயோ கிடந்த உடைந்த சிமெண்டுக் கம்பத் துண்டை வாங்கி வந்து, ஸ்டே இருந்த அதே பக்கத்தில் நெருக்கமாகச் சாய்த்து நட்டு, அடியில் சிமெண்டும் போட்டார். இடம் குறைவாகத்தான் பிடித்தது, இயந்திரமும் தாராளமாக இறங்கியது. பார்க்கவும் பழையதைவிடக் கெட்டியாக இருந்தது. தம்பி நம் இலாகாவில் இருப்பதால் எங்களிடம் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், "கம்பிய எட்த்துட்டேன், நல்ல சப்போர்ட்டா போட்டுட்டேன் நைனா." அவனும் சரி என்றிருக்கிறான்.

உங்களில் சிலர் இப்போதே நெளிகிறீர்கள், நல்லது. நெளிய வேண்டிய இடம்தான். ஆனால் அந்தக் கம்பம் அடுத்த மழை வரைக்கும் நிற்கத்தான் செய்தது. வயர்கள் பழசாகித் தொய்ந்து கிடந்ததால் இழுப்பு இல்லை.

மழைக்காலத்தில் ஒரு வைக்கோல் லாரி அந்த வழியாகப் போய் வயரை அறுத்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் நான், பிரபு, உதவியாள் ஏகாம்பரம் மூன்று பேரும் போனோம். டிரான்ஸ்பார்மர் ஏரிக்கரைப் பக்கம், கொஞ்சம் தள்ளி. நான் போய்க் கரண்ட் வராமல் இருக்கப் பியூஸ் கட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள், பிரபு கம்பத்தில் ஏணியைச் சாய்த்துக் கட்டி, மேலே ஏறி, பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, புது வயரை இழுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டான். வேறு எந்தக் கம்பமாக இருந்தாலும் ஏறும் முன் சுற்றி வந்து ஒரு பார்வை பார்க்கிற பையன்தான். இது அண்ணன் போட்ட சப்போர்ட். அண்ணன் போட்டது தப்பாக இருக்குமா?

நான் வரப்பில் வந்துகொண்டிருக்கும்போதுதான் ஏகாம்பரம் கத்தினான். வயர் விறைப்பாக ஏற ஏற, கம்பம் மெதுவாகக் கழனிப் பக்கம் சாய்ந்தது. பிறகு நின்றது. நின்றதா, நிற்கிற மாதிரி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே ஈர மண், நாற்று நட்டுத் தண்ணீர் கட்டிய கழனி. மேலே பிரபு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். ஏணியும் அதே கம்பத்தில்தான் கட்டியிருந்தது, இறங்க அசைந்தால் கம்பமும் ஆடும்.

தாமோதரன் டிராக்டரோடு வெளிப்பக்க வழியில்தான் இருந்தார். குதித்து ஓடி வந்தார். பக்கத்துக் கழனிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டார். "ஓடியாங்கடா, கம்பம் சாயுது, தோளு குடுங்க." நாலைந்து பேர் சேற்றில் இறங்கி, சாய்ந்த பக்கத்தில் வரிசையாக நின்று, தோளைக் கம்பத்தில் வைத்து முட்டுக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் தாமோதரன். முழங்கால் வரை சேறு. ஒருவர் சவுக்குக் கட்டைக்கு ஆள் அனுப்பினார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "வயர அறுத்து வுடு சார், கம்பம் நிமிந்துக்கும்." "டேய் பிரபு, பெல்ட்ட அவுத்துட்டு குதிச்சிர்றா, சேறுதான், ஒண்ணியும் ஆவாது." "குதிக்காதடா, அசையாத." தாமோதரன் என்னைப் பார்த்துக் கத்தினார், "இன்னா சார் நின்னுக்கினு கீற? வந்து ஒரு தோளு குடு."

நான் போய்த் தோள் கொடுக்கத்தான் காலை எடுத்து வைத்தேன், அதை மறைக்க மாட்டேன். அந்த நேரத்தில் உடம்பு அங்கேதான் போகும். விழுகிறவன் பக்கத்தில் போய் நிற்கத்தான் மனசு சொல்லும். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. சப்போர்ட் இருக்கிறதே, பிறகு ஏன் சாய்கிறது? அந்தச் சிமெண்டுத் துண்டு ஆடாமல் அசையாமல் நட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. அது உடையவும் இல்லை, பெயரவும் இல்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

மேலிருந்து பிரபு கேட்டான், "சார், இன்னா சார் பண்ணட்டும்?"

"எனக்கே தெர்லடா. பெல்ட்ட மட்டும் அவுக்காத. அப்டியே இரு."

இதைச் சொன்னதற்காகப் பின்னால் என்னை ரொம்பத் திட்டினார்கள். மேலே தொங்குகிறவனிடம் தெரியவில்லை என்று சொல்கிற அதிகாரி உண்டா என்று. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னவர்கள்தான் அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்களே. ஆறாவது ஆளாக நானும் எதற்கு?

அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். கம்பம் சாய்கிறது, ஆள் மேலே என்றேன்.

"சப்போர்ட் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. இப்பவும் கீது."

"ஸ்டேவா, ஸ்ட்ரட்டா?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "ஏம்மா, ஆளு மேல உயிருக்குத் தொங்கிக்கினு கீறான், இப்போ இங்கிலீஷ் பாடமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி சார், பேரை விடுங்க. கம்பம் எந்தப் பக்கம் போகுது? அந்த சப்போர்ட் எந்தப் பக்கம் நிக்குது? என்கிட்ட சொல்ல வேண்டாம், நீங்க பாருங்க."

பார்த்தேன். கம்பத்துக்கும் அந்தச் சிமெண்டுத் துண்டுக்கும் நடுவில் ஒரு கை அளவு வெளிச்சம் தெரிந்தது. கம்பம் அந்தப் பக்கம் போகிறது, தாங்க வேண்டியது இந்தப் பக்கம் நிற்கிறது. முட்டு என்னவோ முட்டாகத்தான் நின்றது, முட்ட வேண்டிய கம்பம்தான் அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. பிடிக்க வேண்டிய இடத்தில் தாங்குகிற பொருளை வைத்திருக்கிறார் மனிதர்.

"பாத்துட்டீங்களா? உள்பக்கம் நிக்கிறவங்க எல்லாரையும் வெளியே எடுங்க சார். அது விழுந்தா அவங்க மேலதான் விழும். வெளிப்பக்கத்துலேர்ந்து கயிறால பிடிங்க. இழுக்க வேண்டாம், இருக்கிறது இருக்கிற மாதிரி பிடிச்சா போதும். பிடிச்ச பிறகு வயரைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தச் சொல்லுங்க. வெட்ட விட்டுடாதீங்க, ஒரு பக்கம் வெட்டினா மறுபக்கம் இழுத்துடும். நான் கிளம்பிட்டேன்."

வழி தெரிந்துவிட்டது, ஆனால் அடுத்து செய்ய வேண்டியது தெரியாமல் இருந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. உதவிக்கு வந்து சேற்றில் நிற்கிறவர்களைப் பார்த்து, எல்லோரும் கையை எடுத்துவிட்டு வெளியே வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் கோபப்பட்டார்கள். "தொணைக்கி வந்தவன தொரத்துறான் பாருடா" என்றார் ஒரு பெரியவர். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இங்கே திரும்பச் சொல்ல முடியாத வார்த்தைகள். ஒவ்வொருவராக முனகிக்கொண்டே வரப்பேறினார்கள். ஒவ்வொரு தோள் விலகும்போதும் நான் கம்பத்தையே பார்த்தேன். அந்தத் தோள்கள்தான் அதுவரை கம்பத்தை நிறுத்தி வைத்திருந்தன என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்றைக்குவரை தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

தாமோதரன் மட்டும் வரவில்லை. கம்பத்தைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "என் தம்பி மேல கீறான். நான் வுட்டுட்டு போவணுமா? நீ போ சார், எல்லாரும் போங்க. வியுந்தா என் மேல வியுட்டும்."

"விழுந்தா நீயும் போவ, அவனும் போவான்யா."

"போறேன், உனக்கின்னா."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பாடப்புத்தகத்தில் இருக்கிறதா? நான் அவரை இழுத்தால் கம்பம் ஆடும். அவர் அழுதுகொண்டிருந்தார். அவருக்குக் கம்பிக்கும் முட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கவும் நேரமில்லை. அங்கே அறிவால் ஒன்றும் நடக்காது என்பது மட்டும் புரிந்தது. அவருக்குத் தம்பிக்காக எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டால் இன்னொன்றைக் கையில் கொடுத்துதான் எடுக்க வேண்டும்.

சாமான் தூக்குவதற்காக மேலிருந்து தொங்கிய தடிமனான நைலான் கயிறு இருந்தது. பிரபுவைக் கூப்பிட்டு, அதன் நுனியைத் தன் தலைக்கு மேலே கம்பத்தில் சுற்றி முடிச்சுப் போடச் சொன்னேன். போட்டான். கீழ் நுனியை நான் எடுத்துக்கொண்டு போய் வெளிப்பக்கம் நின்ற டிராக்டரின் பின் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். டிராக்டர் சாவியை உருவிப் பையில் போட்டேன். அதைக் கிளப்பி இழுத்தால் அந்தச் சிமெண்டுக் கம்பம் நடுவில் முறிந்துவிடும், அதைச் செய்ய அங்கே ஆள் இருந்தது. பிறகு கூப்பிட்டேன். "தாமோதரா, இந்த நுனிய யாராவது ஒருத்தர் புடிக்கணும். வேற யாரையும் நம்பித் தர மாட்டேன். வா."

கயிற்றைப் பார்த்தார். தம்பியை அண்ணாந்து பார்த்தார். வர மனசில்லை. கயிறு டிராக்டர் பக்கம், கம்பத்திலிருந்து நல்ல தூரம்.

"அங்க போயிட்டா அவன் கிட்ட நா இருக்க மாட்டனே சார்."

"கிட்ட இருந்து என்னா புண்ணியம். இங்க வா, அவன் உயிரு இங்கதான் கீது."

மேலே இருந்த பிரபுவும் சொன்னான். "போண்ணா. போய் புடி."

அப்போதுதான் தோளை எடுத்தார். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்து கயிற்று நுனியை வாங்கிக் கையில் சுற்றப் போனார். கையில் சுற்றாதே, பிடி என்றேன். "மேல பாக்காத. பாத்தா இழுப்ப. கொக்கியப் பாரு. இழுக்காத, வுடாத. நா சொல்ற வரைக்கும் அவ்ளோதான் உன் வேல." கம்பத்துக்கு முதுகு காட்டி, கொக்கியைப் பார்த்து, காலை அகட்டி நின்றார்.

பிரபு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம். கயிறு ஒருமுறை விறைத்துக் கொக்கியில் கிறீச்சிட்டது. தாமோதரன் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கம்பம் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அது ஒரு பக்கம் அசைந்த மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால் அசையாத மாதிரி இருக்கும். எல்லாம் தளர்ந்த பிறகு பிரபு பெல்ட்டைக் கழற்றி ஏணியில் இறங்கினான். ஏகாம்பரம் கீழே அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி இறக்கினான்.

நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு நல்ல வாக்கியம் என்று தெரியும். விழுகிறவனுக்கு அருகில் நில், அல்லது எதிரில் நில் என்று ஏதோ ஒன்று. அப்படி ஒன்று என்னிடம் இல்லை. வயரைத் திருப்பிக் கட்டும்போது எந்தப் பக்கம் என்று நான் இப்போதும் ஒருமுறை கையை நீட்டிக் கணக்குப் போட்டுத்தான் சொல்வேன். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கணக்கும் வருவதில்லை. என் வீட்டிலேயே பல நேரம் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் கயிறு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று என் மனைவி சொல்வார். அதனால் கேளுங்கள், அவ்வளவுதான் சொல்வேன். அந்த அம்மா கேட்ட மாதிரி. எந்தப் பக்கம் சாய்கிறது, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பிரபு இறங்கியதும் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் முதுகில் தட்டினார், ஒருவர் திட்டினார். அவன் யாரிடமும் நிற்காமல் சேற்றுக் காலோடு டிராக்டர் பக்கம் நடந்தான். நானும் பின்னால் போனேன். தாமோதரன் சொன்னபடியே கொக்கியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. அத்தனை சத்தமும் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பிரபு பின்னால் போய் நின்று மெதுவாக அவர் தோளில் கை வைத்தான்.

"வுடுண்ணா. போதும்."

அவர் திரும்பவே இல்லை. தோளை உதறினார்.

"எட்றா கைய. என் தம்பி மேல கீறான்."